ஃபைட்டர் மீனுக்கு உடம்பு சரியில்லை: தண்ணீரா, உப்பா, மருந்தா?

நேற்றுவரை கண்ணாடிக்கு வெளியே விரலை நீட்டினால் துரத்திக்கொண்டு வந்த மீன், இன்று ஹீட்டருக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கிறது. துடுப்புகளை உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறது. தீனி போட்டால் மெதுவாக வருகிறது, வாயில் வாங்குகிறது, துப்பிவிடுகிறது. பெட்டா என்றும் சொல்லப்படும் இந்த ஃபைட்டர் மீனை வளர்க்கும் யாரும் இந்தக் காட்சிக்குத் தப்புவதில்லை. உடனே கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: "என்ன மருந்து ஊற்றலாம்?"

இப்படிக் கேட்கும்போதே மருந்துதான் என்று முடிவாகிவிட்டது, எந்த மருந்து என்பதுதான் பாக்கி. ஆனால் கையில் மூன்று வழிகள் இருக்கின்றன. தண்ணீரைச் சரிசெய்துவிட்டுக் காத்திருக்கலாம், உப்புப் போடலாம், மருந்து கொடுக்கலாம். என் முதல் மீனுக்கு வந்த நோய் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று நாளில் மூன்று மருந்து மாற்றி ஊற்றினேன். நான்காம் நாள் அது இல்லை. அதற்கப்புறம் வந்த மீன்களில் பாதிக்கு மேல் வெறும் தண்ணீரிலேயே தேறியதைப் பார்த்த பிறகுதான், அந்த மூன்று நாளில் என்ன செய்திருக்கக் கூடாது என்பது புரிந்தது.

## நோய்தானா?

நோயே இல்லாததற்கு வைத்தியம் பார்ப்பது இந்த மீனிடம் சர்வ சாதாரணமாக நடக்கிறது. பெண் மீனின் அடிவயிற்றில், முன்துடுப்புகளுக்குப் பின்னால் அரிசி நொய் மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி துருத்திக்கொண்டிருக்கும். அது முட்டையிடும் குழாய். வெண்புள்ளி நோய் என்று நினைத்து அதற்கு மருந்து ஊற்றியவர்கள் உண்டு. ஆண் மீன் சிலிர்த்துக்கொள்ளும்போது செவுளுக்குக் கீழே தாடி போல விரியும் கருப்புச் சவ்வு அதன் உடம்பின் பாகம், அழுகல் இல்லை. இலைமேல் சாய்ந்து படுத்துத் தூங்குவது இதன் வழக்கம். மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கிவிட்டுப் போவதும் அப்படித்தான். தலைக்குள் காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பே இருக்கிறது. 'மார்பிள்' வகை மீன் சில மாதங்களில் ஆளே அடையாளம் தெரியாதபடி நிறம் மாறும். அதற்கும் வைத்தியம் கிடையாது, தேவையும் கிடையாது.

இன்னொரு பக்கம், முட்டைகளை வைக்க ஆண் மீன் மேற்பரப்பில் குமிழிகளால் கட்டும் நுரைக்கூடு இருக்கிறது, அதனால் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்வதும் தப்பு. உடம்பு முடியாத மீனும் நுரை கட்டும்.

கவலைப்பட வேண்டியது வேறு வகை மாற்றங்களுக்கு: தொடர்ந்து இரண்டு வேளை தீனியை மறுப்பது, மேற்பரப்பிலேயே தங்கி வேகமாக மூச்சு வாங்குவது, செடியிலும் கல்லிலும் உடம்பை உரசுவது, துடுப்பை விரிக்காமலே இருப்பது, உடம்பில் பூச்சு, புள்ளி, வீக்கம் எதுவும் புதிதாகத் தோன்றுவது.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள்.

முதலாவது நேரம். துடுப்பு அழுகல் வாரக்கணக்கில் நகரும். காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய் மோசமாக வந்தால் ஓரிரு நாளில் மீனை முடித்துவிடும். காத்திருப்பது சரியா தப்பா என்பது முழுக்க இதைப் பொறுத்தது.

இரண்டாவது, நோய் தோலுக்கு மேலேயா, உள்ளேயா. தண்ணீரில் கலக்கும் பல மருந்துகள் தோலோடும் செவுளோடும் நின்றுவிடும். வயிற்றுக்குள் இருப்பதற்குத் தொட்டியில் எவ்வளவு ஊற்றினாலும் பெரிய பலன் இருக்காது.

மூன்றாவது, தொட்டியில் வேறு என்ன உயிர் இருக்கிறது. நத்தை, இறால், செடி எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஃபில்டரின் பஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியா தெரியாது. மீனின் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் இந்தக் கூட்டம் புதுத் தொட்டியில் உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அழிய ஒரு மூடி மருந்து போதும்.

நான்காவது, என் கணிப்புத் தப்பானால் திரும்பி வர முடியுமா. இதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். ஏனென்றால் வீட்டில் உட்கார்ந்து வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லும் நோய்ப்பெயர் தப்பாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

## வழி 1: தண்ணீரைச் சரிசெய்து காத்திருப்பது

மீன் சோர்ந்தவுடன் கை போக வேண்டியது மருந்துப் புட்டிக்கு அல்ல, அம்மோனியா சோதனைக் குழாய்க்கு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 என்று வர வேண்டும். 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் அரைப் பங்கு) என்று பச்சை காட்டினால் பாதி விடை கிடைத்தாயிற்று. செவுள் சிவப்பது, துடுப்பில் ரத்தக்கோடு ஓடுவது, மேலேயே மிதந்து மூச்சு வாங்குவது, ஒடுங்கிக் கிடப்பது என நோய் என்று நாம் நினைக்கும் பலவும் அம்மோனியா சுட்டதால் வருபவை. ஃபில்டர் இல்லாத சின்னக் கிண்ணத்தில் வளரும் மீனுக்குப் பெரும்பாலும் இதுதான் வியாதி.

செய்ய வேண்டியது எளிது. தினமும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை தண்ணீர் மாற்றுங்கள். புதுத் தண்ணீர் குளோரின் நீக்கியதாக, தொட்டியின் அதே சூட்டில் இருக்கட்டும். சூடு 26 முதல் 28 டிகிரி செல்சியஸ். தீனி ஒன்றிரண்டு நாளைக்கு வேண்டாம். தொட்டியை மூடி வையுங்கள். மேலே இருக்கும் காற்று குளிர்ந்து போனால் அதைச் சுவாசிக்கும் மீனுக்கும் கஷ்டம். விளக்கை அணைத்துவிடலாம். நாட்டு வாதுமையின் காய்ந்த இலை ஒன்றைப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும், மீனுக்கும் கொஞ்சம் இதமாக இருக்கும். அதை மருந்தாக நினைத்து ஏமாற வேண்டாம்.

இதில் என்ன செலவு என்று தோன்றலாம். இரண்டு உண்டு, இரண்டும் வெளியே தெரியாதவை. ஒன்று, பல மாதம் கவனிக்காமல் விட்ட தொட்டியில் தண்ணீர் அமிலமாக மாறியிருக்கும். அந்த நிலையில் அம்மோனியா அதிகம் விஷமில்லாத அம்மோனியம் வடிவில் அடங்கிக் கிடக்கும். குற்ற உணர்ச்சியில் ஒரே நாளில் முக்கால் தொட்டியை மாற்றினால் பிஹெச் சட்டென ஏறும் (அதாவது அமிலத்தன்மை குறையும்), அடங்கிக் கிடந்தது விஷ அம்மோனியாவாக மாறும், மாலைக்குள் மீன் போய்விடும். "நல்ல தண்ணீர் ஊற்றினேன், செத்துப்போச்சு" என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான். அப்படிப்பட்ட தொட்டியில் பத்துப் பதினைந்து சதவீதமாக, ஒரு வாரத்துக்குப் பரப்பி மாற்றுங்கள்.

இரண்டாவது செலவு, நோய் வேகமானதாக இருந்தால் வீணாகும் நாட்கள்.

ஆரம்பநிலைத் துடுப்பு அழுகல், பிளாஸ்டிக் செடியில் கிழிந்த வால், ஒரு கண் மட்டும் வீங்கியிருப்பது (பெரும்பாலும் எங்காவது இடித்துக்கொண்டது), காரணம் புரியாத சோர்வு: இவற்றுக்கு இந்த வழி போதும். வால் விஷயத்தில் ஒரு சின்ன வேறுபாட்டைக் கவனியுங்கள். அழுகலில் ஓரம் கருத்தோ சிவந்தோ இருக்கும், நாளுக்கு நாள் கொஞ்சமாகத் தேயும். தானே கடித்துக்கொண்ட வாலில் ஒரே இரவில் அரைவட்டமாக ஒரு துண்டு காணாமல் போயிருக்கும், ஓரம் சுத்தமாக இருக்கும். கடித்துக்கொள்வதற்கு எந்த மருந்தும் கிடையாது.

## வழி 2: உப்பு

"உப்புப் போடுங்கள்" என்று ஒருவர் சொல்ல, கேட்டவர் போட, மீன் இன்னும் வீங்கிப்போக... இந்தக் கதை அடிக்கடி நடப்பதற்குக் காரணம், உப்பு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பொருட்கள் இருப்பதுதான்.

ஒன்று சோடியம் குளோரைடு, அதாவது கல்லுப்பு. நன்னீர் மீனின் உடம்பு சுற்றியிருக்கும் தண்ணீரைவிட உப்பானது. அதனால் தோல் வழியாகவும் செவுள் வழியாகவும் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், சிறுநீரகம் ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். வெளியே கொஞ்சம் உப்பு இருந்தால் அந்த வேலைப்பளு குறையும், மீன் அந்தச் சக்தியை நோயோடு போராடச் செலவழிக்கும். தோல்மேல் இருக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கும் பூஞ்சைக்கும் உப்பு ஆகாது. நைட்ரைட் விஷம் ஏறிய மீனுக்கு இது நேரடி மருந்தே. குளோரைடு இருந்தால் செவுள் வழியாக நைட்ரைட் நுழைவது தடுக்கப்படும். லிட்டருக்கு 1 கிராம் போட்டுத் தொடங்கலாம். தட்டையாக ஒரு டீஸ்பூன் சுமார் 5 கிராம் என்பதால், 5 லிட்டர் டப்பாவுக்கு ஒரு ஸ்பூன். தனியே கரைத்து, சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். தேவையென்றால் மறுநாள் 2 கிராமாக உயர்த்தலாம். பத்து நாளுக்கு மேல் வேண்டாம்.

மற்றொன்று மெக்னீசியம் சல்ஃபேட், எப்சம் உப்பு. நம் பாட்டிகள் இதைப் பேதி உப்பு என்பார்கள், அந்தப் பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது. குடலை இளக்கும், உடம்பில் தேங்கிய நீரை வெளியே இழுக்கும். மலச்சிக்கலால் வயிறு உப்பி, பக்கவாட்டில் சாய்ந்தோ தலைகீழாகவோ மிதக்கும் மீனுக்கு இதுதான். இரண்டு மூன்று நாள் பட்டினியோடு, லிட்டருக்கு 1 கிராம் அளவில் தனி டப்பாவில் விட்டால் பல மீன்கள் நிமிர்ந்துவிடும். அப்போது பட்டாணியை மசித்துக் கொடுக்கச் சொல்வார்கள். பெட்டா பூச்சி தின்னும் மீன். பட்டாணியைவிட டாஃப்னியா என்ற சின்ன நீர்வாழ் உயிர் அதன் குடலுக்குப் பொருத்தம்.

இப்போது வீங்கிப்போன கதைக்கு வருவோம். உடம்பு உப்பி, மேலிருந்து பார்த்தால் செதில்கள் ஊசியிலை மரத்துக் காய் போலச் சிலிர்த்து நிற்பதை டிராப்சி என்கிறார்கள். சிறுநீரகம் செயலிழந்து நீர் கோத்துக்கொள்வதன் அடையாளம் அது. அங்கே கல்லுப்பைப் போட்டால் கோத்த நீர் வடிய உதவாது, நிலைமை மோசமாகலாம். எப்சம் உப்புத்தான் போட வேண்டும்.

உப்பின் மறைமுகச் செலவு: அது ஆவியாகாது. தண்ணீர் வற்றியிருக்கிறதே என்று ஊற்றும்போது மறுபடி உப்புச் சேர்த்தால் அளவு ஏறிக்கொண்டே போகும். மாற்றிய தண்ணீரின் அளவுக்கு மட்டும்தான் உப்புச் சேர்க்க வேண்டும். மென்மையான செடிகள் வாடும், நத்தைகள் தாங்காது. 'வருமுன் காப்போம்' என்று வருஷம் முழுக்க உப்புத் தண்ணீரில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. நெல்வயலிலும் சதுப்பிலும் மிருதுவான நீரில் வாழ்ந்த மீனுக்கு அது அன்றாட உணவு ஆகக் கூடாது.

இதன் பலம், தப்பானாலும் திரும்ப முடியும் என்பதே. இரண்டு முறை தண்ணீர் மாற்றினால் பெரும்பாலும் போய்விடும், ஃபில்டர் பாக்டீரியாவும் இந்த அளவுக்கு அசையாது.

## வழி 3: மருந்து

மருந்து தேவைப்படும் இடத்தில் மற்ற இரண்டும் உதவாது. ஆனால் எந்த மருந்து என்பது நோயின் பெயரில் தொங்குகிறது.

வெண்புள்ளி நோயில் உடம்பின்மேல் உப்புத் தூவியது போலத் தனித்தனிப் புள்ளிகள் தெரியும். வெல்வெட் நோயில் இருட்டறையில் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால்தான் தெரியும், துருப்பொடியோ தங்கப்பொடியோ தூவிய பூச்சு. காலம்னாரிஸில் வாயைச் சுற்றியோ முதுகில் சேணம் போட்ட மாதிரியோ சாம்பல் வெள்ளைத் திட்டு இருக்கும். அது பஞ்சு போலத் தெரிவதால் பூஞ்சை என்று நினைத்துப் பூஞ்சை மருந்து போட்டு நேரத்தை இழப்பார்கள். இது பாக்டீரியா. வெண்புள்ளிக்குச் சொல்வதுபோல இதற்கும் சூட்டை ஏற்றினால் இன்னும் வேகமாகப் பரவும். ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரியும் இரண்டுக்கு நேர்மாறான வைத்தியம்.

வெண்புள்ளிக்கு மாலகைட் பச்சை கலந்த மருந்துகள், வெல்வெட்டுக்குத் தாமிரம் கலந்தவை (அந்த ஒட்டுண்ணிக்குப் பச்சையம் உண்டு, தொட்டியை இருட்டாக்கினால் அது பலவீனமாகும்), நிஜமான பூஞ்சைக்கு மெத்திலீன் நீலம், காலம்னாரிஸ் போன்றவற்றுக்கு ஆண்டிபயாடிக். குடல் ஒட்டுண்ணிக்கு மருந்தைத் தீனியில் கலந்துதான் கொடுக்க வேண்டும். மீன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டால் அந்தக் கதவும் மூடிவிடும் என்பதால் அதில் தள்ளிப்போடக் கூடாது.

வெண்புள்ளியில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் புள்ளியை எந்த மருந்தும் கொல்லாது. ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. அது முதிர்ந்து கீழே உதிர்ந்து, நூற்றுக்கணக்கில் பிரிந்து, அடுத்த மீனைத் தேடி நீந்தும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மருந்துக்குச் சிக்கும். மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்ததும் "சரியாகிவிட்டது" என்று நிறுத்தினால், ஒரு வாரத்தில் இருமடங்காகத் திரும்பி வரும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் சில நாள் தொடர வேண்டும். மொத்தம் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம்.

செலவுப் பட்டியல் இங்கேதான் நீளம். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்தைக் கரி குடித்துவிடும். தாமிரம் நத்தையையும் இறாலையும் கொல்லும். மெத்திலீன் நீலம் தொட்டியின் சிலிக்கோன் விளிம்பை நிரந்தரமாக நீலமாக்கும், அதுகூடப் பரவாயில்லை, ஃபில்டர் பாக்டீரியாவை அழிக்கும். நான் ஒருமுறை அதைப் பெரிய தொட்டியிலேயே ஊற்றினேன். பூஞ்சை போனது. ஐந்தாம் நாள் அம்மோனியா ஏறி, பூஞ்சையில் பிழைத்த மீன் செவுள் சிவந்து மேலே வந்து நின்றது. அடுத்த ஐந்து வாரம் தினமும் வாளியோடு நடந்தேன்.

ஆண்டிபயாடிக்கில் கூடுதல் சிக்கல். டெட்ராசைக்ளின் வகை கடின நீரில் கால்சியத்தோடு பிணைந்து வலுவிழக்கும். பாக்டீரியாவில் கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என இரண்டு பெரிய வகை உண்டு, எரித்ரோமைசின் முதல் வகைக்கானது. மீன்களைத் தாக்குபவற்றில் பெரும்பாலானவை கிராம் நெகட்டிவ். கிராம் நெகட்டிவ்வில் வேலை செய்யும், தோல் வழியாகவும் உள்ளே போகக்கூடியது என்று கனமைசினை மீன் வளர்ப்பவர்கள் விரும்புவது இதனால்தான். பல நாடுகளில் இவற்றுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். மீன் பார்க்கும் கால்நடை மருத்துவர் எட்டும் தூரத்தில் இருந்தால் அவரிடம் போவதே முறை. அரைகுறையாகக் கொடுத்து நிறுத்துவது, மருந்துக்கு அடங்காத கிருமியை நாமே வளர்ப்பது.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் விடாதீர்கள். மீன்களுக்குக் காசநோய் போன்ற நோயைத் தரும் மைக்கோபாக்டீரியம் மரினம் நம் தோலிலும் ஆறாத கட்டியாக வரும்.

## பெரிய தொட்டியிலா, தனி டப்பாவிலா?

மேலே சொன்னதில் பாதிச் செலவைத் தனி டப்பா மிச்சப்படுத்தும். 5 லிட்டர் பிடிக்கும் ஒளி ஊடுருவும் டப்பா, ஒரு சின்ன ஹீட்டர், மூடி. மருந்தும் குறைவாகப் பிடிக்கும், மீனையும் எல்லாப் பக்கமும் பார்க்கலாம். ஆனால் அங்கே ஃபில்டர் பாக்டீரியா இல்லை, எனவே தினமும் பாதியிலிருந்து முழுசாகத் தண்ணீர் மாற்றி, மாற்றிய அளவுக்கு மருந்து சேர்க்க வேண்டும். அதற்கு நேரமில்லாதவர் டப்பாவில் வைத்தால் நோயோடு அம்மோனியாவையும் சேர்த்துக் கொடுக்கிறார்.

வெண்புள்ளியும் வெல்வெட்டும் விதிவிலக்கு. ஒட்டுண்ணி தொட்டி முழுக்க இருக்கிறது. மீனை மட்டும் எடுத்துக் குணப்படுத்தி மறுபடி அங்கேயே விட்டால் பழைய கதை. இந்த இரண்டுக்கும் பெரிய தொட்டியிலேயே வைத்தியம் பாருங்கள், நத்தையையும் இறாலையும் வெளியேற்றிவிட்டு.

| கண்ணில் படுவது | முதல் வழி | எங்கே | எவ்வளவு பொறுக்கலாம் |
|---|---|---|---|
| சோர்வு மட்டும், அம்மோனியா 0-க்கு மேல் | தண்ணீர் | இருக்கும் இடத்தில் | அன்றே தொடங்குங்கள் |
| வால் ஓரம் கருத்துத் தேய்வது | தண்ணீர். நிற்காவிட்டால் கல்லுப்பு | முதலில் தொட்டி, உப்பு தனி டப்பாவில் | ஒரு வாரம் |
| வயிறு உப்பி மிதப்பது, செதில் படிந்திருக்கிறது | பட்டினி, எப்சம் உப்பு | தனி டப்பா | 3 நாள் |
| செதில் சிலிர்ப்பு | எப்சம் உப்பு, ஆண்டிபயாடிக் | தனி டப்பா | பொறுக்க நேரமில்லை |
| தனித்தனி வெண்புள்ளி | மருந்து | பெரிய தொட்டி | ஒரு நாள் |
| தங்கப்பொடிப் பூச்சு | மருந்து, இருட்டு | பெரிய தொட்டி | ஒரு நாள் |
| வாய், முதுகில் சாம்பல் திட்டு | ஆண்டிபயாடிக், சூட்டை ஏற்றாமல் | தனி டப்பா | சில மணி நேரம் |

செதில் சிலிர்த்த வரிசையைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் தேறிவரும் மீன்கள் குறைவு. மூன்று வயது தாண்டிய பெட்டா என்றால், அதன் ஆயுளே பொதுவாக 2 முதல் 4 வருடம் என்பதை நினைவில் வைத்து, தினமும் டப்பா மாற்றி அலைக்கழிப்பதா, பழகிய தொட்டியில் நீர்மட்டத்தைக் குறைத்து, காற்று வாங்க எளிதாக அகல இலை ஒன்றைக் கொடுத்து விட்டுவிடுவதா என்று யோசிக்கலாம். நான் இரண்டாவதைச் செய்திருக்கிறேன்.

## நடுவில் மாற்றலாமா?

ஒரு வழியை எடுத்தால் மூன்று நாளாவது அதிலேயே நில்லுங்கள், மீன் வெளிப்படையாக மோசமானால் தவிர. மருந்து மாற்ற வேண்டி வந்தால் முதலில் பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றி, கரியை ஒரு நாள் போட்டுப் பழையதை எடுத்துவிட்டு, அப்புறம் புதியது. இரண்டு மருந்தை ஒன்றாகக் கலப்பது, புட்டியில் சேர்த்துப் போடலாம் என்று அச்சிட்டிருந்தால் மட்டும்.

தேறுகிறதா என்பதை முதலில் சொல்வது புண் இல்லை, பசி. தீனியைத் துப்பாமல் விழுங்கினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதன் பிறகு வாலின் ஓரத்தைப் பாருங்கள். தேய்ந்த இடத்தில் கண்ணாடித்தாள் மாதிரி நிறமே இல்லாத மெல்லிய விளிம்பு தோன்றும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். அதை அழுகல் மறுபடி ஆரம்பிக்கிறது என்று நினைத்து மருந்தை எடுக்கப் போகிறவர்கள் நிறைய. அது புதிதாக வளரும் துடுப்பு. நிறம் ஏற இன்னும் சில வாரம் ஆகும்.